அடைப்பா, மட்டமா? தாழ்ந்துபோன வீட்டில் குளியலறையைப் புதுப்பிக்கும் முன்

டைல்ஸ் ஒட்டியாச்சு. புது வெஸ்டர்ன் டாய்லெட் வைச்சாச்சு. கதவும் மாட்டியாச்சு. ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த மறுநாள் காலையில் பார்த்தால், தரையில் இருக்கும் ட்ராப் ஜாலி வழியாகக் கறுப்புத் தண்ணீர் மேலே ஏறி, புது டைல்ஸ் மேல் குளம்போல் நிற்கிறது. மன்னார்குடி மாதிரி டெல்டா ஊர்களில் பழைய வீட்டைப் புதுப்பித்த பல குடும்பங்களுக்கு இது தெரிந்த காட்சிதான்.

உடனே எல்லோர் வாயிலும் வரும் சொல் 'அடைப்பு'. பிளம்பரைக் கூப்பிடுகிறோம். அவர் கம்பி விட்டுக் குத்துகிறார். ஆசிட் ஊற்றுகிறோம். இரண்டு நாள் மழை விட்டதும் தண்ணீர் தானாக இறங்கிவிடுகிறது. ஆசிட்தான் வேலை செய்தது என்று நம்புகிறோம். கார்த்திகையில் மறுபடியும் அதே கதை. கடைசியில் ஒட்டிய டைல்ஸை உடைத்துக் குழாயைத் தோண்டிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை.

காரணம், பல வீடுகளில் குழாயில் அடைப்பே கிடையாது. வீட்டின் மட்டம் வெளியே இருக்கும் சாக்கடையைவிடத் தாழ்ந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் போக வழியில்லாமல் நிற்கவில்லை; வெளியிலிருந்து உள்ளே வருகிறது. இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. எது என்று தெரியாமல் செலவு செய்தால் பணம் தண்ணீரோடு போகும். சில சமயம் ஓர் உயிரும் போகும். அதைப் பற்றியும் பின்னால் சொல்கிறோம்.

பேஸ்மட்டம் எங்கே போனது?

வெளிநாட்டில் 'பேஸ்மென்ட்' என்றால் தரைக்குக் கீழே உள்ள அறை. நம் கொத்தனார் 'பேஸ்மட்டம்' என்று சொன்னால் அது நேர்மாறு: தரையிலிருந்து வீட்டுத் தளம் வரை உயர்த்திக் கட்டும் பகுதி. "பேஸ்மட்டம் ரெண்டடி ஏத்திக் கட்டிடலாம்ங்க" என்று மேஸ்திரி சொல்வது மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்கத்தான். ஆனால் வாசலில் சாலை போடும்போதெல்லாம் பழைய சாலையின் மேலேயே புதுத் தார் அல்லது கான்கிரீட் போட்டால், வீடு அசையாமல் இருக்கச் சாலை மட்டும் ஏறிக்கொண்டே போகும். முப்பது நாற்பது வருஷத்தில், ஏத்திக் கட்டிய பேஸ்மட்டம் சாலைக்குக் கீழே போய்விடும். நாம் கட்டாமலே நம் வீட்டில் ஒரு நிலவறை உருவாகிவிடுகிறது.

இதைத் தடுக்கத்தான் 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய சாலையின் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும், சாலையின் மட்டம் உயரக் கூடாது என்று அறிவுறுத்தினார். ஆனால் அதற்கு முன்பு ஏறிய மட்டம் ஏறியதுதான். அந்தக் கணக்கை இப்போது நம் குளியலறை தீர்க்க வேண்டியிருக்கிறது.

டெல்டாவில் இன்னொரு சங்கடமும் சேர்கிறது. கோயில் ஊர்களின் பழைய வீதிகளில் வீடுகள் அகலம் குறைவு, நீளம் அதிகம். வாசல் ஒரு தெருவில், கொல்லை எங்கோ பின்னால். அந்தக் காலத்தில் கழிப்பறை கொல்லைக் கடைசியில் தனியாக இருந்தது. இப்போது வயதான அப்பா அம்மாவுக்காக அதை வீட்டுக்குள்ளே, மாடிப்படிக்கு அடியிலோ தாழ்வாரத்து ஓரத்திலோ கொண்டுவருகிறோம். நல்ல காரணம்தான். ஆனால் கழிப்பறை உள்ளே வந்ததும் குழாயின் நீளம் கூடுகிறது. குழாய் நீளம் கூடினால் வாட்டம் அதிகம் வேண்டும். வாட்டத்துக்கு ஆழம் வேண்டும். வீடோ ஏற்கெனவே தாழ்ந்திருக்கிறது.

ஒரு வீட்டின் கணக்கு

எண்களை வைத்துப் பார்த்தால் பளிச்சென்று புரியும். இன்றைய சாலையின் மேல்மட்டத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம். வீடு கட்டியபோது சாலை இப்போதையதைவிட 40 செ.மீ. கீழே இருந்தது. வீட்டுத் தளத்தை அன்றைய சாலையைவிட 30 செ.மீ. உயர்த்திக் கட்டினார்கள். அப்படியானால் இன்று அந்தத் தளம் சாலைக்கு 10 செ.மீ. கீழே.

டாய்லெட்டிலிருந்து கழிவு வெளியேறும் குழாயின் அடிப்பகுதி தளத்துக்கு 25 செ.மீ. கீழே இருக்கும் என்றால், அது சாலைக்கு 35 செ.மீ. கீழே. அங்கிருந்து செப்டிக் டேங்க் 6 மீட்டர் தூரம். 4 அங்குலக் குழாய்க்கு 40-க்கு 1 வாட்டம் கொடுத்தால், அதாவது 40 செ.மீ. போனால் 1 செ.மீ. இறக்கம், 15 செ.மீ. இறங்கும். டேங்கில் குழாய் நுழையும் இடம் சாலைக்கு 50 செ.மீ. கீழே. டேங்கின் வெளிவாய் உள்வாயைவிட 5 செ.மீ. தாழ்வாக இருப்பது முறை, ஆக 55. அங்கிருந்து தெருச் சாக்கடை வரை இன்னும் 5 செ.மீ. இறக்கம். 60. சாக்கடையின் ஆழமே 60 செ.மீ. என்றால், நம் குழாய் அதன் அடித்தளத்தில் போய் முட்டுகிறது.

வெயில் காலத்தில் இது ஓடும். சாக்கடை வெறுமனே கிடக்கும்போது தண்ணீருக்குத் தடையில்லை. புதுப்பிக்கும் வேலையைப் பங்குனியில் முடித்து, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, "சூப்பரா போகுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிற பிளம்பர் பொய் சொல்லவில்லை.

இப்போது மழை. சாக்கடையில் 5 செ.மீ. தண்ணீர் ஓடினாலே டேங்கின் வெளிவாயைத் தொட்டுவிடும். 25 செ.மீ. நின்றால் டாய்லெட் குழாயின் மட்டம். ஃப்ளஷ் பண்ணினால் மெதுவாக இறங்கும், களகளவென்று சத்தம் வரும். 50 செ.மீ. நின்றால் குளியலறைத் தளத்தின் மட்டம். இன்னும் 5 செ.மீ. ஏறினால், சாக்கடை விளிம்பைத் தாண்டாமலே, குளியலறைத் தரையின் ட்ராப்பும் அதே குழாயில் சேர்ந்திருக்கும் பட்சத்தில், உங்கள் புது டைல்ஸ் மேல் 5 செ.மீ. தண்ணீர். தெருவில் வெள்ளமே தெரியாது. உங்கள் வீட்டில் மட்டும் வெள்ளம். இதில் எங்கே அடைப்பு?

ஜெர்மனியில் கட்டட விதிகளிலேயே இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பொதுவாகச் சாலையின் மேல்மட்டம்தான் கழிவுநீர் எதிர்த்து ஏறக்கூடிய மட்டம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குக் கீழே வைக்கும் எந்தக் குழாய்க்கும் எதிர்நீரைத் தடுக்கும் ஏற்பாடு கட்டாயம். நமக்கும் இந்த ஒரு கேள்வி போதும்: என் குளியலறைத் தரை சாலையைவிட மேலேயா, கீழேயா?

இதை அளக்க எஞ்சினியர் வேண்டியதில்லை. கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவல் போதும். நீளமான ஒரு தெளிவான பிளாஸ்டிக் டியூபில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைச் சாலையோரத்திலும் மறுமுனையைக் குளியலறையிலும் பிடித்தால், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து சாலை எவ்வளவு கீழே, தரை எவ்வளவு கீழே என்று டேப்பால் அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். சாக்கடையின் அடித்தளம், சேம்பரில் குழாயின் அடிப்பகுதி இவற்றையும் அப்படியே அளந்து கொள்ளுங்கள். போனில் உள்ள லெவல் ஆப் ஒரு டைல்ஸின் சாய்வைப் பார்க்க உதவும். வீட்டுக்கும் தெருவுக்கும் உள்ள மட்ட வித்தியாசத்துக்கு அது ஆகாது. அளக்கும்போது டேப்பில் எண் தெரிகிற மாதிரி ஒவ்வொரு இடத்திலும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

உடைக்கும் முன் கண்டுபிடிப்பது

மட்டம் சரியாகவே இருந்து, தண்ணீர் மட்டும் நின்றால் அப்போது அடைப்பைத் தேடலாம். எந்தெந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் முதல் துப்பு. ஒரு வாஷ்பேசினில் மட்டும் நின்றால் கோளாறு அந்தப் பேசினின் ட்ராப்பில்தான். வீடு முழுக்கத் தோண்ட வேண்டாம். டாய்லெட்டில் ஃப்ளஷ் பண்ணினால் குளிக்கும் இடத்து ட்ராப்பில் தண்ணீர் குபுக்கென்று ஏறினால், இரண்டும் சேரும் இடத்துக்கு அப்பால் தடை. மாடியில் யாராவது குளித்தால் கீழ் வீட்டில் தண்ணீர் ஏறுகிறதா? பிரதான குழாயில் கோளாறு. கீழ்த்தளம் முழுக்க ஒரே நேரத்தில், அதுவும் மழை நாளில் மட்டும் என்றால், மேலே சொன்ன மட்டக் கணக்குக்குத் திரும்புங்கள்.

அடுத்து வெளியே இருக்கும் சேம்பர் மூடியைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே குளியலறையில் தண்ணீர் நிற்கிறது, சேம்பர் காலியாக இருக்கிறது என்றால் தடை இரண்டுக்கும் நடுவில். சேம்பரும் நிரம்பி நின்றால் தடை அதைத் தாண்டி. சந்தேகம் இருந்தால் சொட்டு நீலம் கொஞ்சம் டாய்லெட்டில் விட்டு ஃப்ளஷ் செய்யுங்கள். எத்தனை நிமிஷத்தில் சேம்பரில் நீலம் தெரிகிறது என்று ஒருவர் நின்று பார்க்கலாம். பழைய வீடுகளில் இதில் ஒரு வேடிக்கையும் நடக்கும். நாம் நினைத்த சேம்பரில் நீலம் வரவே வராது. கொல்லையில் மறந்துபோன வேறொரு பழைய குழி வழியாகத் தெரியும். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாமலே ஒரு தலைமுறை ஓடியிருக்கும்.

செப்டிக் டேங்க் நிறைந்திருக்கிறதா என்று பார்க்க அதன் மூடியை நீங்கள் திறக்க வேண்டாம். அதன் வெளிக்குழாய் விழும் இடத்தைப் பாருங்கள். மழையில்லாத நாளில், வீட்டில் சில முறை ஃப்ளஷ் செய்த பிறகு அங்கே தண்ணீர் வந்தால் டேங்க் வழிவிடுகிறது. வரவில்லை, சேம்பரும் நிரம்பி நிற்கிறது என்றால் டேங்கில் கசடு சேர்ந்திருக்கலாம், வெளிவாய் அடைத்திருக்கலாம்.

பழைய மண் குழாய் போட்ட வீடுகளில் தென்னை, வேம்பு, பாதாம் மரம் அருகில் இருந்தால் இணைப்புகள் வழியாக வேர் உள்ளே போயிருக்கும். கம்பி விட்டு எடுக்கும்போது நார் நாராக வந்தால் அதுதான். வேரை எவ்வளவு வெட்டினாலும் மறுபடி வளரும். அந்தத் துண்டை மட்டுமாவது பி.வி.சி. குழாயாக மாற்றுவது நல்லது.

ஆசிட் பற்றி ஒரு வார்த்தை. மண்ணையும் வேரையும் வீட்டு ஆசிட் கரைத்துவிடாது. டேங்குக்குள் கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களை அது கொல்லும். ஆசிட் ஊற்றிய இடத்தில் ப்ளீச்சிங் பவுடரும் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய சின்ன அறையில் அது மூச்சை அடைக்கும்.

வேலை நடக்கும்போதே உண்டாகும் அடைப்பு

நேர்மையாகச் சொன்னால், புதுப்பிக்கும் வேலையில் உண்மையான அடைப்பும் நிறையவே உண்டாகிறது. அதைச் செய்வது சிமெண்ட். சாயங்காலம் வேலை முடிந்ததும் சட்டி, கரணை, மம்பட்டி எல்லாவற்றையும் குளியலறை ட்ராப் மேலேயே கழுவிவிடுவார்கள். சிமெண்ட் தண்ணீருக்குள்ளேயும் இறுகும். ட்ராப்பின் வளைவில் ஒவ்வொரு நாளும் ஒரு படலம் சேர்ந்து, வேலை முடியும்போது பாதி வழி மூடியிருக்கும். டைல்ஸ் இடுக்கில் பூசும் பவுடரும் அப்படித்தான். வாசலில் ஒரு பழைய டிரம்மில் தண்ணீர் வைத்து "கழுவுறதெல்லாம் இங்கதான் தம்பி" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

திறந்த குழாய் வாய்களுக்கு மூடி போட வேண்டும். சாக்கையோ பிளாஸ்டிக் பையையோ திணிக்கும் வழக்கம் இருக்கிறது. திணித்தால் எத்தனை திணித்தோம் என்று சுவரில் எழுதி வையுங்கள். எடுக்க மறந்த ஒரு சாக்குத் துண்டு ஆறு மாதம் கழித்து ஒரு வீட்டையே உடைக்க வைக்கும்.

குழாய் புதைக்கும்போது டாய்லெட்டுக்கு 110 மி.மீ., குளிக்கும் தண்ணீருக்கு 75 மி.மீ. என்பது வழக்கமான அளவு. படுக்கையாகப் போகும் குழாயில் ஒரே இடத்தில் செங்குத்தாகத் திருப்பும் எல்போ வேண்டாம். இரண்டு 45 டிகிரி பெண்டு போட்டு வளையுங்கள். வளைவு வரும் இடத்தில் திறந்து பார்க்கும் வசதியுள்ள டோர் பெண்டு போட்டால், பின்னால் கம்பி விட வழி இருக்கும். கான்கிரீட் போடும் முன் குழாயின் கடைசியை அடைத்துத் தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் வையுங்கள். மட்டம் இறங்கினால் எங்கோ கசிவு. வாட்டத்தை ரசமட்டம் வைத்து நீங்களே பாருங்கள். மேஸ்திரி கோபித்துக்கொள்ள மாட்டார். நல்ல மேஸ்திரி அவரே கூப்பிட்டுக் காட்டுவார்.

மட்டம்தான் கோளாறு என்றால்

முதல் வழி, தரையை உயர்த்துவது. நம் உதாரண வீட்டில் குளியலறைத் தரையை 30 செ.மீ. உயர்த்தினால் அது சாலையைவிட 20 செ.மீ. மேலே வந்துவிடும். சாக்கடை விளிம்பு வரை நிறைந்தாலும் தரைக்கு வராது. ஆனால் யாருக்காக இந்த வேலை? முட்டி வலிக்கும் அம்மாவுக்காக. 30 செ.மீ. என்றால் இரண்டு படி. ஈரமான இடத்தில் இரண்டு படி வயதானவர்களுக்கு ஆபத்து. உயர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால், 15 செ.மீ.க்கு மேல் போகாத, கால் முழுக்க வைக்கும் அகலமுள்ள இரண்டு படிகளும், சுவரில் உறுதியான கைப்பிடியும் வையுங்கள். கதவின் மேல் லிண்டலையும் பாருங்கள். 7 அடிக் கதவு 6 அடியாகிவிடும். இது குளியலறைத் தரையை மட்டும்தான் காப்பாற்றும். டேங்கின் வெளிவாய் தாழ்ந்தே இருப்பதால் சாக்கடைத் தண்ணீர் டேங்குக்குள் வருவது நிற்காது. கொல்லைத் தரையும் தாழ்ந்திருந்தால் டேங்க் மூடி வழியாக வெளியே வரும்.

அதற்கு இரண்டாவது வழி, டேங்கின் வெளிக்குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு. தண்ணீர் வெளியே போகலாம், உள்ளே வர முடியாது. பயனுள்ளதுதான். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போடுங்கள். வெளியே தண்ணீர் ஏறி வால்வு மூடிக்கொண்டால், உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. 5 பேர் வீட்டுக்கான டேங்க் 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம் என்றால், நீர்மட்டத்துக்கு மேலே விடும் 30 செ.மீ. இடைவெளியில் சுமார் 340 லிட்டர்தான் பிடிக்கும். 5 பேர், ஒருவர் நாளைக்கு 5 முறை, தடவைக்கு 10 லிட்டர் என்றால் 250 லிட்டர். ஆக ஒரு நாளைச் சமாளிக்கலாம். அதுவும் கழிப்பறைத் தண்ணீர் மட்டும் டேங்குக்குப் போனால்தான். குளிக்கிற தண்ணீர், துணி துவைக்கிற தண்ணீர் எல்லாம் அதே டேங்கில் விழுந்தால் அரை நாள்கூடத் தாங்காது. அதனால் புதுப்பிக்கும்போதே இரண்டையும் தனித்தனிக் குழாயாகப் பிரிப்பதுதான் இந்த வேலையிலேயே மிகவும் லாபமான முடிவு. குளிக்கும் தண்ணீரைக் கொல்லையில் வாழைக்கும் கல்வாழைக்கும் விடுவது நம் பாட்டிமார் செய்ததுதான். வால்வைத் தரைக்குள் புதைத்துவிடாமல் சேம்பருக்குள் வையுங்கள்; மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை திறந்து, தட்டில் குப்பை சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது வழி, பம்ப் வைத்து மேலே ஏற்றுவது. நகரங்களில் நிலத்தடித் தளங்கள் கட்டும் இடங்களில் இதைச் செய்கிறார்கள். டெல்டாவில் எங்கள் சிபாரிசு இதற்கு இல்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த பிறகு எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் இருந்தோம் என்பது இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறந்திருக்காது. எந்த நாளில் பம்ப் வேண்டுமோ அந்த நாளில் கரண்ட் இருக்காது.

டேங்கின் தண்ணீர் தெருவுக்குப் போகாமல் உறிஞ்சு குழிக்குப் போகும் வீடுகளில் கணக்கு வேறு. களிமண் பூமி தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடி, மழையும் சேர்ந்துவிட்டால் நிலத்தடி நீர் ஏறி, உறிஞ்சு குழியே கிணறு மாதிரி நிறைந்து நிற்கும். பாமணி ஆற்றங்கரை, சுமார் 23 ஏக்கர் பரப்புள்ள ஹரித்ராநதி போன்ற பெரிய குளங்களின் கரையோரம் என்றால், மழைக்காலத்தில் உங்கள் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு மேலே நிற்கிறது என்று எட்டிப் பாருங்கள். குழியின் கதியும் அதுதான். இந்திய தர நிர்ணயப்படி உறிஞ்சு குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். நெருக்கமான வீதிகளில் அது நடக்காத காரியம். அப்படிப்பட்ட இடத்தில் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கப் பயன்படுத்தாதீர்கள்.

இதெல்லாம் யோசிக்க ஏற்ற காலம் எது? நம்மில் பலர் தீபாவளிக்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று புரட்டாசியில் ஆரம்பிக்கிறோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில் குழி தோண்டுகிறோம். அறுவடை முடிந்து மாசிக்கு மேல் ஆரம்பித்து, மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-ல் தண்ணீர் திறக்கும் முன் மண் வேலையை முடிப்பது நல்லது. டேங்கைக் காலி செய்வதையும் அப்போதே செய்யுங்கள். நிலம் ஊறிக் கிடக்கும் கார்த்திகையில் டேங்கை முழுக்கக் காலி செய்தால், சுற்றியுள்ள நிலத்தடி நீரின் அழுத்தத்தில் சுவர் விரிசல் விடலாம். பிளாஸ்டிக் டேங்க் மிதந்து மேலேயே வந்துவிடும்.

யாரும் உள்ளே இறங்கக் கூடாது

வேலை பாதியில் நிற்கிறது, தண்ணீர் போகவில்லை, கூலி நாள் வீணாகிறது. அப்போதுதான் இந்தப் பேச்சு வரும். "ரெண்டடி தண்ணிதான் இருக்கு சார், நான் இறங்கி அந்த வாயை மட்டும் குத்திவிட்டுடறேன்." சொல்பவர் இருபது வயசுப் பையனாக இருப்பார். உங்களுக்கு உதவத்தான் சொல்கிறார். "வேண்டாம் தம்பி" என்று சொல்ல வேண்டியது வீட்டுக்காரர்.

செப்டிக் டேங்குக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீத்தேன் போன்ற வாயுக்கள் தேங்கியிருக்கும். பிராணவாயு குறைவாக இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஆபத்து, நாற்றம் இல்லையென்றால் பரவாயில்லை என்று நினைப்பது தவறு. ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கின் முகரும் சக்தியே மரத்துப்போகும். தீக்குச்சி கொளுத்திச் சோதிப்பது வெடிப்பில் முடியும். முதலில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்கப் போனவரும் விழுவதுதான் இந்த விபத்துகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. யாராவது விழுந்துவிட்டால் நீங்கள் இறங்காமல் 101-க்கும் 108-க்கும் போன் செய்யுங்கள்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-வது பிரிவு, செப்டிக் டேங்கையோ பாதாளச் சாக்கடையையோ அபாயகரமான முறையில் சுத்தம் செய்ய எவரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்தக் கூடாது என்கிறது. இது நகராட்சிக்கு மட்டுமல்ல, வீட்டுக்காரருக்கும் பொருந்தும். முதல் தடவை மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம் வரை. பாதாளச் சாக்கடையில் இறப்பவர்களின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. "அவரேதான் இறங்கினார், நான் சொல்லவில்லை" என்று பின்னால் சொல்வதைவிட, மூடியைத் திறக்கவே விடாமல் இருப்பது சுலபம்.

டேங்க் சுத்தம் செய்ய 14420 என்ற உதவி எண்ணை அழையுங்கள். அல்லது நகராட்சியின் உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியைக் கூப்பிடுங்கள். லாரி வந்ததும் உரிமத்தைக் கேளுங்கள், எடுத்த கழிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள். வாய்க்காலில் கொட்டினால் அது வயலுக்குப் போய் நம் தட்டுக்கே திரும்பும். பொதுவாக 2 முதல் 3 ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுக்க வேண்டும். வீடு கட்டியதிலிருந்து திறக்காத டேங்க் என்றால் புதுக் குளியலறை போடும் முன் அதைச் சுத்தம் செய்வதுதான் முதல் வேலை. டைல்ஸ் தேர்வு செய்வது அதற்கு அப்புறம். அப்படித் திறக்கும்போது, அடுத்த முறை எளிதாக இருக்க, டைல்ஸுக்கு அடியில் மூடி புதைந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போனில் செய்ய வேண்டியவை

கான்கிரீட் போடும் முன் குழாய் போகும் பாதை முழுவதையும் ஒரு வீடியோ எடுங்கள். சுவரிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம் என்று டேப் வைத்துக் காட்டியபடி, வாயாலும் சொல்லிக்கொண்டே எடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் அனுப்பி வையுங்கள். போன் மாறினாலும் வீடியோ இருக்கும். பத்து வருஷம் கழித்து வரும் பிளம்பர் ஒரே ஒரு டைல்ஸை மட்டும் உடைப்பார்.

கோளாறு உங்கள் வீட்டுக்குள் இல்லை, தெருச் சாக்கடை தூர்ந்துபோய்த் தண்ணீர் எதிர்க்கிறது என்று தெரிந்தால் நகராட்சியில் புகார் கொடுங்கள். 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணிலும் பதிவு செய்யலாம்; மனு எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால் நிலையை அவ்வப்போது பார்க்கலாம். "எங்கள் தெருவில் சாக்கடை சரியில்லை" என்று மட்டும் எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. வார்டு எண், தெரு, எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை தண்ணீர் தேங்குகிறது, எத்தனை மணி நேரம் நிற்கிறது, மழை எப்போது பெய்தது, சாக்கடையில் தண்ணீர் எவ்வளவு உயரம் என்று டேப்புடன் எடுத்த போட்டோ. இவற்றைச் சேர்த்தால் பொறியியல் பிரிவு வந்து பார்ப்பதற்கு வேண்டியது இருக்கும். மழை நாளிலேயே எடுங்கள். வெயிலில் எடுத்த போட்டோவில் காய்ந்த சாக்கடைதான் தெரியும்.

உங்கள் டேங்கின் வெளிக்குழாய் மழைநீர் வடிகாலில் விழுகிறது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லி, வேறு என்ன வழி என்று கேளுங்கள். மழைநீர் வடிகால் கழிவுநீருக்கானது அல்ல. உங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா, வரப்போகிறதா என்பதையும் அப்போதே விசாரித்துவிட்டால், இன்று போடும் குழாயை அந்தத் திசைக்கே வைத்துவிடலாம்.

தெருவில் புதுச் சாலை போடப் போகிறார்கள் என்று தெரிந்தால், வேலை தொடங்கும் முன்பே உங்கள் வாசற்படியில் டேப் வைத்து, சாலையிலிருந்து படி எவ்வளவு உயரம் என்று தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே போட ஆரம்பித்தால் அன்றைக்கே அந்தப் போட்டோவோடு 1100-க்குச் சொல்லுங்கள். தார் ஆறிய பிறகு சொன்னால் உயர்ந்த மட்டம் உயர்ந்ததுதான்.